அப்பாவின் லாம்

என் கணவரின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பா என் பக்கத்தில் உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் தபால் நிலையத்துப் பெண்மணி என் கையைப் பிடித்து, அப்பா இறந்துபோனதற்கு அனுதாபம் சொன்னார். அந்தம்மாள் ஏதோ நல்லது சொல்கிறார் என்பது மட்டும் அப்பாவுக்குப் புரிந்திருக்கிறது. பிரெஞ்சில் தமக்குத் தெரிந்த ஒரே சொல்லை, நன்றியை, எடுத்து, தலையைச் சாய்த்து, "மெர்சி" என்றார்.

பிழை என் நாக்கில். பிரெஞ்சில் பிளேடுக்கு 'லாம்' என்று பெயர். ஆன்மாவையும், அதன் முன்னால் ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொல்லோடு சேர்த்துச் சொன்னால், 'லாம்' என்றுதான் காதில் விழும். இந்தக் குட்டிச் சொற்களை நாங்கள் தமிழில் கண்டதில்லை என்பதால், லியோன் நகரத்தின் ஓரத்தில் இத்தனை வருடம் குடியிருந்தும் நான் அவற்றை விழுங்கிவிடுவேன். "என் தந்தையின் பிளேடு இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், இன்னும் வந்து சேரவில்லை" என்று நான் சொன்னது, அந்தம்மாளுக்கு என் தந்தையின் ஆன்மாவாகக் கேட்டிருக்கிறது. "இங்கிலாந்திலா போனார்?" என்று மெல்லக் கேட்டார். "இல்லை, இந்தியாவில் செய்தது" என்றேன். அதன் பிறகுதான் கையைப் பிடித்தார். கன்னத்தில் விரலை இழுத்து இழுத்துச் சவரம் செய்து காட்டினேன். அந்தம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறைக்க முறைக்கச் சிரித்தார். பார்சல் என்னவோ சுங்கத்தில்தான் கிடந்தது.

அப்பாவின் பெயர் சவரிமுத்து. மரக்காணத்தில் அவருக்கு உப்பளம் இருக்கிறது. தினமும் விடிந்ததும் முகத்தை மழித்த பிறகே பாத்திப் பக்கம் போவார் என்பதால், உப்பு வாரும் ஆட்கள் அவரைச் 'சவரமுத்து' என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். இது மிடுக்குக்காகச் செய்கிற வேலை இல்லை. உப்புக் காற்றில் முள்தாடியோடு நின்று பாருங்கள், மதியத்துக்குள் கன்னம் எரியத் தொடங்கிவிடும். அப்பாவின் முடி வேறு கம்பி மாதிரி. அதற்குச் சரிப்பட்டு வந்தது ஒரே ஒரு பிளேடு. பச்சை உறை, அதில் வாத்துப் படம். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் ஷாம்புச் சரத்துக்குப் பக்கத்தில் தொங்கும்.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. அந்தச் சமயம் பார்த்து, பிறந்த பேரனுடைய ஞானஸ்நானத்துக்காக அப்பா விமானம் ஏறினார். அம்மா விமானத்தைப் படத்தில் பார்த்தாலே ஜெபமாலையைத் தேடுபவர், வரவில்லை. அப்பா தம் சவரச் சாமான்களைப் பெட்டியில் போடாமல் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார். சென்னையில் சோதனை செய்தவர் பிளேடுகளை எடுத்துக்கொண்டு ரேசரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "பிளேடு இல்லாம இத வெச்சினு நான் இன்னா பண்றது?" என்று அப்பா கேட்க, "மிஷின் கொண்டு போலாம் சார், தப்பில்ல" என்றாராம் அவர் மரியாதையாக.

இங்கே வந்ததும் என் கணவர் தம்முடைய ரேசரைக் கொடுத்தார். ஒரே தலையில் அஞ்சு பிளேடு. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு மூஞ்சிக்கு எதுக்கு மாப்ள அஞ்சு?" என்றார். பயன்படுத்திவிட்டு வந்தபோது கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. கடையிலிருந்து பழைய ரகப் பிளேடும் வாங்கிவந்தேன். "இது சொரண்டுதும்மா, வழிக்கல" என்று ஒரே நாளில் தள்ளிவைத்துவிட்டார். கடைசியில் வாத்துப் பிளேடை இணையத்தில் தேடினேன். இங்கிலாந்துக் கடை ஒன்றில் அகப்பட்டது. கறுப்புப் பளிங்குக்கல்லில் வைத்து, பக்கத்தில் ஒரு ரோஜாவையும் சாத்திப் படம் எடுத்திருந்தார்கள். வாங்கியவர்கள் கீழே கருத்து எழுதியிருந்தார்கள். 'முதல் இழுப்பில் அடக்கம், போகப் போகக் கம்பீரம். குணத்தில் கனவான்.' அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"பிளேடப் பத்தியா சொல்றான்? பையன் பாக்கப் போன மாதிரி இல்ல இருக்குது" என்றார்.

வரவழைக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். தாடி காத்திருக்கவில்லை. உப்பைக் குவித்த மாதிரி வெள்ளையாக, அடர்த்தியாக, நெஞ்சை நோக்கி இறங்கத் தொடங்கியது. நாற்பது வருடம் அடக்கிவைத்த தாடி அல்லவா?

அதோடு எங்கள் தெருவில் அப்பாவின் அந்தஸ்து உயர்ந்தது. முனையில் மொராக்கோக்காரரான இத்ரிஸின் மளிகைக்கடை இருக்கிறது. நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், மீதிச் சில்லறையைத் தவிர வேறொன்றும் தந்ததில்லை அவர். அப்பா நடக்கப்போனபோது, கடைவாசலில் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, "சலாம், ஹாஜி" என்றாராம். நாற்காலி போட்டு, புதினா போட்ட டீயும் கொடுத்தாராம். மறுநாள் பேரீச்சம்பழம். அதற்கடுத்த நாள் முதல், அங்கே வந்து உட்காரும் பெரியவர்கள் எல்லாருக்கும் அப்பா ஹாஜி ஆகிவிட்டார். அவர்கள் அரபியில் பேச, இவர் மரக்காணத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மணிக்கணக்கில் பேசினார்கள். இரண்டு பக்கமும் திருப்தியாகவே இருந்தது.

"அப்பா, ஹாஜின்னா இன்னான்னு தெரியுமில்ல?"

"நம்மூர்ல பாய்ங்க இல்லியா? தெரியாம இன்னா."

"அப்ப சொல்லிட வேண்டிதானே, நாம சர்ச்சுக்குப் போறவங்கன்னு?"

"எந்தப் பாஷைல சொல்றது?" என்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டே, "டீ நல்லாருக்குதும்மா" என்றார்.

வீட்டுக்குள் வேறொரு ரசிகன் இருந்தான். என் மகன் ராத்திரியும் பகலும் அழுது என்னைப் பிழிந்துகொண்டிருந்த காலம் அது. அப்பா அவனைத் தூக்கினால் போதும், இரண்டு கையாலும் தாடியைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிடுவான். தாடியைப் பிடித்தபடியே தூங்குவான். அப்பா வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியாது. வீடியோவில் அம்மா வரும்போதெல்லாம் அப்பா மப்ளரைக் கண்வரைக்கும் சுற்றிக்கொள்வார். வீட்டுக்குள்ளேயா அவ்வளவு குளிர் என்று அம்மா கேட்டால், "ஐரோப்பாடி இது" என்பார். ஒருநாள் மடியிலிருந்த பேரன் மப்ளரைப் பிடித்து இழுத்துவிட்டான். அம்மா அப்பாவிடம் பேசாமல் என்னிடம் பேசினார்.

"எம்மா, நம்மூர் ஆம்பள தாடி வெச்சா மூணு காரணம்தான். வேளாங்கண்ணிக்கு வேண்டுதல்னா எங்கிட்ட சொல்லிருப்பாரு. யாராச்சும் செத்திருந்தா நீ சொல்லிருப்ப. மூணாவது இன்னான்னு உனக்கே தெரியும். யாருடி அவ?"

காதல் தோல்வி இல்லை, சுங்க இலாகா என்று புரியவைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. அம்மா நம்பினாரா என்பது இன்றைக்கும் சந்தேகம். "ஒடம்புக்கு எதனா வந்து மறைக்கிறீங்களா ரெண்டு பேரும்? ஞானஸ்நானத்துல அந்த மூஞ்சோட நின்னாருன்னா நான் போன்ல பாக்கவே மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அப்பா அன்று டீக்குப் போகவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் பார்சல் வந்தது. மெழுகு முத்திரை குத்திய மரப்பெட்டி, உள்ளே பட்டுத்தாள், அதற்குள்ளே நம் வாத்து. அப்பா பெட்டியை மூடி அலமாரியில் வைத்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்த நான் ஏமாந்துபோனேன். பேரனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். அவன் வழக்கம்போலத் தாடியைப் பிடித்தான்.

"இவன் என்னைத் தேடுவாம்மா" என்றார்.

காலையில் குளியலறையை விட்டு வெளியே வரவே இல்லை. நான் கதவைத் தட்டப் போகும்போது திறந்தார். என் பழைய அப்பா, தாடை பளபளக்க நின்றார். பேரன் அவரைப் பார்த்ததும் வீறிட்டு அழுதான். கோயிலில் தண்ணீர் ஊற்றும்போது கூட அவன் அவ்வளவு அழவில்லை. அம்மா மட்டும் போனில் முகம் மலர்ந்து, "இப்பதான் எம் புருஷன்" என்றார். அப்பா சிரித்தார், பேரனைப் பார்க்காமல்.

திரும்பி வரும்போது இத்ரிஸ் கடைவாசலில் நின்றிருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். அப்பாவை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்து, "போன்ஜூர் முஸ்ஸியே" என்றார், தெருவில் போகிற எந்தச் சாருக்கும் சொல்வதுபோல. அப்பா நெஞ்சில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தார். இத்ரிஸ் உற்றுப் பார்த்தார். அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"இன்னாமா சொல்றாரு?" என்றார் அப்பா.

"ஹாஜி, உங்களை யாரு இந்தக் கதிக்கு ஆளாக்கனதுன்னு கேக்கறாரு."

"உங்கம்மான்னு சொல்லு."

சொன்னேன். இத்ரிஸ் புரிந்துகொண்டு கல்யாண மோதிரம் போட்ட தம் விரலைத் தூக்கிக் காட்டினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் விடாமல், என் அப்பா கிறிஸ்தவர், ஹாஜி இல்லை, மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். இத்ரிஸ் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "முதல் நாளே தெரியும், மதாம். டீ குடிக்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தத் தாடியை முஸ்ஸியே என்று எப்படிக் கூப்பிடுவது?"

தை பிறந்ததும் அப்பா ஊருக்குப் போய்விட்டார். மரப்பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. "அங்கதான் பொட்டிக்கடைல தொங்குதே. இது இங்கயே இருக்கட்டும்" என்றார். அளத்தில் வேலை தொடங்கியது. கொஞ்ச நாளில் அம்மாவிடமிருந்து புகார் வந்தது: "ஞாயித்துக்கெழம பூசைக்கு மட்டும் செரைக்கிறாரு. மத்த நாளெல்லாம் அப்டியே கெடக்குது. உப்புல கன்னம் எரியுது, சொறிஞ்சினே இருக்காரு. கேட்டா, பேரன் போன்ல பாக்கறான் இல்லங்கறாரு."

அதனால் நாங்கள் சனிக்கிழமைகளில் கூப்பிடுகிறோம். வாரம் முழுக்க வளர்ந்தது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். போன சனிக்கிழமை அப்பா அளத்திலேயே நின்று பேசினார், பின்னால் வெயிலில் உப்புக் குவியல்கள். மகன் என் மடியிலிருந்து எட்டி, போன் கண்ணாடியை நகத்தால் பிறாண்டினான். பிடிக்க எதுவும் அகப்படவில்லை, இன்னும் பலமாகப் பிறாண்டினான். அதைப் பார்த்த அப்பா தாடையைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். இன்னும் பக்கத்தில், இன்னும் பக்கத்தில். கண்ணும் மூக்கும் கலங்கிப்போய், திரை முழுக்க வெள்ளைதான் தெரிந்தது. "புடிடா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.