கடலில் கிடந்தவர்களும் கேட்டுக்குக் கீழே நின்றவர்களும்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். அதிலும் கணக்குப் பாடம் தேறவில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். ஆனால் மலையகத்தில் எங்கள் நோர்வூட் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் படிப்பதற்கு, வேலை பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று எங்கள் வாசிகசாலையில் கேட்டார்கள். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

1. பித்தளைப் பொத்தான்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவை வெளிநாட்டுக்காரர் தங்கும் ஹோட்டலாக மாற்றியபோது என்னை வெயிட்டராக எடுத்தார்கள். முதல் நாளே, கொழும்பிலிருந்து வந்திருந்த மெனேஜர் ஒரு வெள்ளைக் கோட்டும் தலைக்குக் கட்ட ஒரு பாகையும் தந்தார். கோட்டில் பித்தளைப் பொத்தான்கள். வெள்ளைக்காரத் தொரைமார் காலத்தில் பங்களாவில் பரிமாறிய அப்புமார் அப்படித்தான் நின்றார்களாம். அந்தக் கோட்டுக்குள் குளிர் அடித்ததா என்று அந்த அப்புமாரிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை.

“பேர் என்ன?” என்றார் மெனேஜர்.

“திருச்செல்வம் சேர்.”

“அது கெஸ்ட்டுக்கு வாயில வராது. ராம்னு வச்சுக்குவோம்.”

சட்டையில் குத்தும் தகட்டில் ராம் என்று அடித்து வந்தது. நாற்பத்தைந்து வயதில் எனக்குப் புதுப்பெயர் வைத்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

குசினியில் சமையல் பொறுப்பு செல்வமணி அக்கா. அவர் என் கோட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பேண்டு வாத்தியம் எப்ப வருது?” என்றார்.

2. நெவிகேட்டர் தொரை

பங்களாவின் முன் அறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. மீசை வைத்த ஓர் இளம் வெள்ளைக்காரர், நெஞ்சில் பதக்கம். உலக யுத்தம் முடிந்த பிறகு எட்டு வருஷம் இந்தத் தோட்டத்தை நடத்திய பெரிய தொரை. யுத்தத்தின்போது கடலுக்கு மேல் ரோந்து போகும் விமானத்தில் நெவிகேட்டராக இருந்தார். காலி நகரத்துப் பக்கம் கடலோரக் களப்பில், தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும் விமானம்.

நெவிகேட்டர் என்றால் விமானத்தை ஓட்டுகிறவர் அல்ல. உள்ளே ஒரு சின்ன மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து, இப்போது எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்கிறவர். கீழே ஒரு மரம், ஒரு கோபுரம் கிடையாது; கடல் மட்டும்தான். கடலில் நுரை போகும் திசையைப் பார்த்து, காற்று விமானத்தை எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்குப் போடுவாராம். பகலில் சூரியனையும் இரவில் நட்சத்திரத்தையும் ஒரு கருவியால் அளப்பாராம். விடியும் முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் இறங்குவார்கள். பெரும்பாலான நாட்களில் எதையும் காணாமலே திரும்புவார்கள்.

பதக்கம் கிடைத்தது ஒரு படகைக் கண்டுபிடித்ததற்காக. கப்பல் மூழ்கித் தப்பியவர்கள் ஒரு சின்னப் படகில் நாட்கணக்காகக் கடலில் கிடந்தார்கள். வேறு விமானங்கள் தேடிவிட்டுத் திரும்பிவிட்டன. இவர் மட்டும் நீரோட்டத்தையும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, படகு இந்நேரம் இங்கே போயிருக்கும் என்று ஓர் இடத்தைக் குறித்தார். அங்கேதான் இருந்தது. தண்ணீர்ப் பீப்பாயைக் கீழே போட்டு, பக்கத்துக் கப்பலுக்கு இடத்தை அறிவித்து, எண்ணெய் தீரப்போகும் நிலையில் மேகத்துக்குள் வழி சொல்லி விமானத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். படகில் இருந்த எல்லாரும் பிழைத்தார்கள். இதில் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. நல்ல வேலை. பதக்கம் கொடுத்தது சரி.

இந்தக் கதையை, ஹை டீ என்ற மாலைத் தேநீர் விருந்து நேரத்தில் நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்பது மெனேஜரின் யோசனை. ஆனால் அவருக்குக் கதை போதவில்லை.

“யாருமே சாகாத கதைக்கு எவன் காசு குடுப்பான்? ஒரு நீர்மூழ்கி வரட்டும். தொரை குண்டு போடுறாரு. அது மூழ்குது. அப்புறம் படகு.”

அப்படியே எழுதித் தந்தார். நான் அர்த்தம் கேட்டேன். “அர்த்தம் உனக்கு எதுக்கு? மனப்பாடம் பண்ணு” என்றார். அர்த்தம் தெரியாமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது. என் மகள் கவிதா முன்பள்ளி டீச்சர். பிரசவத்துக்கு எங்கள் லயத்துக்கு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டுக்கு, வந்திருந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லித் தந்தது அவள்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்தக் கதைதான். அதற்கு வெளியே ‘டீ ஓர் கொஃபி’ மட்டும்.

கதையில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். தொரையின் பைனாகுலர் முன் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கடலில் படகைக் கண்ட பைனாகுலர் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். எங்கள் அப்பா அதை வேறு விதமாக அறிவார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம் தொரை பங்களா வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம், யார் பிந்தி வருகிறார்கள் என்று பார்க்க. எட்டு வருஷத்தில் ஒரு நாளும் லயத்துக்கு இறங்கி வந்ததில்லை. இந்து சமுத்திரத்தில் ஒரு படகைக் கண்டுபிடித்தவருக்கு, பங்களாவுக்கு நேர் கீழே இருந்த லயம் அகப்படவில்லை.

3. கேட்டு

லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்குக் குறுக்குவழி பங்களாத் தோட்டத்துக்குள்ளால்தான். பத்து நிமிஷ ஏற்றம். மற்ற வழி ஃபேக்டரியைச் சுற்றிப் போவது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், மழையில் பாதி ரோடு கழுவிப் போயிருக்கிறது. லயத்துக்கு வாகனம் வராது. வருத்தக்காரரைக் கதிரையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கம்பு கட்டித் தூக்கி, பங்களா வாசலில் அம்புலன்சில் ஏற்றுவதே வழக்கம்.

மெனேஜர் அந்தக் குறுக்குவழி முடியும் இடத்தில் கல் பதித்து, பெஞ்சு போட்டு, நெவிகேட்டர் தொரை பெயரில் ஒரு காட்சி மேடை கட்டினார். லயத்துத் தகரக் கூரை கண்ணில் படாமல் பூவேலி வைத்தார். வழியின் வாய்க்கு இரும்புக் கேட்டும் பூட்டும். லயத்து ஆட்கள் ஃபேக்டரி ரோட்டால் போகட்டும் என்றார்.

நான் தனியாகப் போய், மகளுக்கு மாதம் நெருங்குகிறது என்று சொன்னேன்.

“ராம், நீ நம்ம ஸ்டாஃப். உனக்கு ஒண்ணுன்னா திறக்க மாட்டோமா? பாத்துக்கலாம்.”

குசினியில் சொன்னேன். செல்வமணி அக்கா சிரித்தார். “பாத்துக்குவாரு, பாத்துக்குவாரு. கண்ணாடிப் பெட்டியில இருக்கே, அத எடுத்து வச்சுப் பாத்துக்குவாரு.”

4. திறப்பு விழா

மேடையைத் திறந்துவைக்கத் தொரையின் மகன் வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். இந்தப் பங்களாவில் பிறந்து ஆறு வயது வரை இருந்தவராம். தனக்குத் தமிழ் தெரியும் என்று பெருமைப்பட்டார். காரிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்து, “இங்க வா! தண்ணி கொண்டா! சீக்கிரம்!” என்றார். கெஸ்ட்டெல்லாம் கை தட்டினார்கள். இந்த மாதிரிக் கட்டளைகள்தான் அவருடைய தமிழ்.

“அப்பா விட்டுட்டுப் போன சொத்து” என்றார் செல்வமணி அக்கா.

மாலை ஹை டீ. மேடையில் ரிப்பன் கட்டியிருந்தது. மூடுபனி இறங்கிவிட்டது. நான் கதையைத் தொடங்கினேன். நீர்மூழ்கி வந்ததும் மகன் கையைத் தூக்கி நிறுத்தினார். அப்பா யுத்தம் முழுவதும் ஒரு நீர்மூழ்கியையும் கண்டதில்லை, தண்ணீரைத்தான் கண்டேன் என்பார் என்றார். அன்று இங்கிலீஷில் பேசியதையெல்லாம் ஆபீசில் இருந்தவர்கள் பின்னால் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். மெனேஜர் சிரித்துக்கொண்டே என்னைத்தான் முறைத்தார்.

அந்த நேரம் கேக் தட்டோடு செல்வமணி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். வேலை நேரத்தில் எங்கள் போனெல்லாம் ஆபீசில் இருக்கும். குசினிப் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது.

“திரு, கவிதாவுக்கு வலி கண்டிருச்சு. பனிக்குடம் உடைஞ்சிருச்சாம். மாப்பிள்ளையும் பயலுகளும் கதிரையில தூக்கிக்கிட்டு மேல வர்றாங்க. அம்புலன்ஸ் நம்ம வாசலுக்கு வருது.”

நான் மெனேஜரிடம் போய்க் காதோடு சொன்னேன். அவர் முகத்துச் சிரிப்பு மாறவில்லை.

“இப்பவா? ரிப்பன் வெட்டுற வரைக்கும் பொறு. பத்து நிமிஷம். போ, கதைய முடி.”

கேட்டுக்குக் கீழே பனிக்குள் டோர்ச் வெளிச்சங்கள் வந்து நின்றன. கெஸ்ட்டுகள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒரு அம்மா இது திருவிழாவா என்று கேட்டார். மெனேஜர் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். கேட்டின் கம்பிக்குள்ளால் என் மகள் முனகும் சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்குச் சண்டை போடத் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. கதையில் படகைக் கண்டதும் நெவிகேட்டர் சொல்லும் வரிகள் மட்டும் தெரியும். கேட்டைக் கை காட்டி அந்த வரிகளைச் சொன்னேன்.

“தேர் ஆர் பீப்பிள் டவுன் தேர். தே ஆர் அலைவ். வீ மஸ்ட் நொட் லீவ் தெம்.”

கீழே ஆட்கள் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள், விட்டுப் போகக் கூடாது. கவிதா அப்படித்தான் அர்த்தம் சொல்லியிருந்தாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். என் நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததாம். மெனேஜர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

திரும்பவும் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மூன்றாம் முறை சொன்னபோது தொரையின் மகன் எழுந்து கேட்டுக்கு வந்து கீழே பார்த்தார். கதிரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெனேஜர் பக்கம் திரும்பி, “கேட்டத் தொற! சாவி கொண்டா! சீக்கிரம்! ஓடு!” என்றார்.

மெனேஜர் ஓடினார். அந்தக் குடும்பம் எங்கள் ஆட்களிடமே சொல்லி வந்த சொற்கள், அன்றுதான் முதல் தடவையாகச் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தன.

கதிரைக் கம்பில் சிக்கி ரிப்பன் அறுந்தது. கெஸ்ட்டுகள் ஒதுங்கி வழி விட்டார்கள். இப்படித் தூக்கிப் போவது இங்கத்தைய பாரம்பரியமா என்று ஒருவர் கேட்க, மெனேஜர் எங்களிடம் அதைத் தமிழில் கேட்டார். “ஆமா சேர், எங்க பாட்டன் காலத்துப் பாரம்பரியம். ரோடு போடாத பாரம்பரியம்” என்றார் செல்வமணி அக்கா. மெனேஜர் திருப்பிச் சொன்னது ஒரே சொல்தான்: யெஸ்.

கதிரையோடு வந்த என் மனைவி மகளுடன் அம்புலன்சில் ஏறிப் போனார். நான் அம்புலன்ஸ் கதவு வரை பித்தளைப் பொத்தானோடு போய்த் திரும்பினேன். டீ ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள். அதன் பிறகு தொரையின் மகன் பேசினார். அப்பா இன்றைக்கு இதைப் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்றார். அவருடைய அப்பா எட்டு வருஷம் பைனாகுலரில் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

இப்போதும் அந்தக் கேட்டு உண்டு. சாவி குசினிச் சுவரில் தொங்குகிறது. “அது இங்க தொங்கலேன்னா நாளைக்கு ரொட்டிய நீங்களே சுட்டுக்குங்க சேர்” என்று செல்வமணி அக்கா சொல்லி வாங்கியது. ஹோட்டல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதையாவது தந்து மனப்பாடம் பண்ணச் சொன்னால் பண்ணுங்கள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தந்தவருக்கு அது தேவையில்லை. உங்களுக்கு என்றாவது தேவைப்படும்.

திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் காலை கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. மேடையை மறுபடி திறக்கப் புது ரிப்பன் கட்டியிருந்தார்கள். கத்தரிக்கோல் தட்டை நான்தான் பிடித்தேன்.