மடக்கிய குடை

மாநிலச் சபை உறுப்பினராக இருந்த அவர், எங்கள் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் தலைவரான பின் புக்கிட் பெலண்டோக் தோட்டத்துக்கு வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் எப்போதும் குடை. மேடையில் பேசும்போது அதை உயர்த்தி ஆட்டுவார்.

அன்று நல்ல மழை. தோட்டச் சாலையில் அவரோடு நடந்தபடியே சொன்னேன்.

"துரை கார் வந்தா நாங்க சைக்கிள விட்டு எறங்கணும், மழையானாலும் குடைய மடக்கணும். இத சபையில கேளுங்கய்யா."

"இத்தன நாளா வெறும் உறுப்பினர். இப்ப தலைவராயிட்டேன்ல? கட்டாயம் கேக்கறேன்பா."

அந்நேரம் பார்த்து துரையின் கார் வந்தது. என் குடை மடங்கும் முன்பே அவர் குடை மடங்கியது.

கார் நிற்காமல் போய்விட்டது. நான் குடையை விரித்தேன். அவர் விரிக்கவில்லை. எங்கள் குடியிருப்பான லயம்வரை நனைந்தபடியே வந்தார்.

அங்கே காத்திருந்த சனம் தலைவரைக் கண்டதும் கைதட்டியது. அன்று பேசி முடிக்கும்வரை அவர் குடையை உயர்த்தவே இல்லை.