செபஸ்தியான் கேட்ட இதயம்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற செபஸ்தியான் அண்ணனுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. மாடியில் குடியிருக்கும் மகன் ஜூட்டும் மருமகள் லிசியும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அப்படியும் மனுஷன் போன வருஷம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் மனைவி வியாகுலம்மாள் வாட்ஸப்பில் அவருக்கு ஒரு இதயம் போடவில்லை. அதுதான் விஷயம்.

அவர்கள் குடும்பக் குரூப்பில் நானும் இருக்கிறேன். ஜூட் கல்யாணத்தின்போது பந்தல்காரரோடு மல்லுக்கட்ட ஒரு ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். கல்யாணம் முடிந்து, பேத்தி பிறந்து, அவள் ஸ்கூலுக்கும் போகிறாள். என்னை எடுத்துவிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதனால் அண்ணி யாருக்கு என்ன போடுகிறார் என்பது எனக்கு அத்துப்படி. லிசி சாம்பார் வைத்துப் படம் போட்டால் இதயம். சம்பந்தி வேப்பெண்ணெயின் மகிமையை எங்கிருந்தோ பிடித்து அனுப்பினால் இதயம். குரூப்புக்கு வெளியேயும் தாராளம்தான் என்று அண்ணன் வயிறெரிந்து சொன்னார். மீன் கொண்டுவரும் சர்ஃபராஸ் காலையில் வஞ்சிரத்தைப் படம் பிடித்து அனுப்பினால் அதற்கும் ஒன்று. கேஸ் சிலிண்டர் பதிவாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற செய்திக்குக்கூடச் செக்கச்செவேல் என்று ஒன்று போட்டிருந்தாராம். கட்டின புருஷனுக்கு மட்டும் கட்டை விரல்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. ஈஸ்டருக்கு எடுத்த புதுச் சட்டையில் நின்று படம் போட்டார். கட்டை விரல் வந்தது. பூண்டு உரிக்கிற மாதிரி உட்கார்ந்து, பேத்தியை விட்டுப் படம் எடுக்கச் சொல்லிப் போட்டார். அதற்கும் அதே விரல். ஒரு நாள் துணிந்து, அண்ணியின் நம்பருக்கே தனியாக ஒரு இதயத்தை அனுப்பிவிட்டுக் கூடத்தில் காத்திருந்தார். அண்ணியின் போன் எப்போதும்போல் பேத்தி கையில் இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி ஆச்சியிடம் காட்டினாள். அண்ணி கரண்டியும் கையுமாக வெளியே வந்து, கை தவறிப் பட்டுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதைத் தவிர அண்ணனுக்கு வேறு வழி தெரியவில்லை.

இந்தக் கதையைச் சொல்ல அவர் ஸ்ரீரங்கத்துக்கு என் வீடு தேடி வந்த நாள், சித்திரைத் தேர் நாள். பஸ்ஸை அம்மா மண்டபத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். மனுஷன் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஒரு செருப்பைத் தொலைத்து, வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தார். என்னவோ ஏதோ என்று பதறி எழுந்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு இதயத்தைப் பற்றி ஆரம்பித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜூட்டிடம் விசாரித்துச் சரித்திரமே தெரிந்து வைத்திருந்தார். பேஜர் காலத்திலேயே ஜப்பானில் இதயம் அனுப்பலாமாம். கம்பெனிக்காரர்கள் அடுத்த மாடலில் அதை எடுத்துவிட்டார்களாம். இளவட்டங்கள் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்களாம். அப்புறம்தான் செல்போனுக்கு வெயில், குடை, மூஞ்சி என்று குட்டிக் குட்டியாக வரைந்து, அது உலகமெல்லாம் பரவியதாம். இதெல்லாம் நம் ஊருக்கு என்ன புதுசா என்று நான் பிடித்துக்கொண்டேன். வாழ்த்துத் தந்தி இருந்ததே. கல்யாணத்துக்கு ஒரு நம்பர், தீபாவளிக்கு ஒரு நம்பர். தபால் ஆபீசில் நம்பரைச் சொன்னால் வாக்கியம் போய்ச் சேரும். உங்கள் கல்யாணத்துக்கும் அப்படித்தானே வந்தது, அதை வைத்து யாராவது பாசத்தை அளந்தார்களா என்று கேட்டேன்.

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஜப்பான்காரன் கோவத்துல கம்பெனிய மாத்திட்டான் பாலு. நான் எங்க போயி மாத்துறது?"

சிரிப்பை அடக்க நான் அடுக்களைப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஆனாலும் திரும்பி வந்து பார்த்தபோது அவர் முகம் வாடித்தான் இருந்தது. விளையாட்டில்லை, மனுஷனுக்கு நிஜமாகவே வலிக்கிறது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், தான் அவளுக்கு வெறும் பழக்கமாகிப் போய்விட்டோமோ என்கிற பயம். எனக்குப் பாவமாக இருந்தது.

ஆகஸ்ட் வந்ததும் ஒரு திட்டத்தோடு வந்தார். வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறாராம். பக்கத்திலேயே இருக்கிற ஆளுக்கு எதற்கு என்று நினைக்கிறாளோ என்னவோ, தூரப் போனால் போடுவாள் என்பது கணக்கு. அண்ணே, உங்கள் முட்டிக்குப் படியேறுவதே பெரும்பாடு என்றேன். கேட்கவில்லை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டதாக வீட்டில் சொல்லிவிட்டார். ஒரு இதயத்துக்காக மாதாவையே கூட்டுச் சேர்த்துக்கொண்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காவி வேட்டி, காவித் துண்டு, மாதா சப்பரத்துக்குப் பின்னால் பொன்மலை ஆட்களோடு கிளம்பினார். திருவெறும்பூரில் ஒரு படம், துவாக்குடியில் ஒரு படம். குரூப்பில் இதயங்கள் கொட்டின. ஜூட் போட்டான், லிசி போட்டாள், சம்பந்தி வீடே போட்டது. அண்ணியிடமிருந்து ஒன்றும் இல்லை. வழக்கமான கட்டை விரலைக்கூடக் காணோம். சரி, மனுஷன் உடைந்தே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அண்ணி எனக்குப் போன் செய்தார். துவாக்குடிப் படத்தில் அவர் இடது காலை ஊன்றவில்லையாம், கவனித்தீர்களா தம்பி என்றார். நான் எங்கே கவனித்தேன், வேட்டியின் கலரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். துணைக்கு வரச் சொன்னார். இரண்டு பேரும் தஞ்சாவூர் பஸ் ஏறிச் செங்கிப்பட்டியில் இறங்கினோம். நடைப்பயணக்காரர்கள் தங்கும் கல்யாண மண்டபத்து வாசலில், முட்டி பூசணிக்காயாக வீங்கி, அண்ணன் உட்கார்ந்திருந்தார். அண்ணியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

அண்ணி தரையில் உட்கார்ந்து தைலத்தைத் தேய்த்தார். தேய்த்து முடித்ததும்தான் வசவு ஆரம்பித்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன நேர்த்தி, அப்படி மாதாவிடம் என்னதான் வேண்டிக்கொண்டீர்கள் என்று விடாமல் கேட்டார். அண்ணன் தாக்குப்பிடித்துப் பார்த்தார். கடைசியில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"கேஸ் கம்பெனிக்குப் போடுற, சர்ஃபராஸ் மீனுக்குப் போடுற. எனக்கு ஒண்ணு போட்டா என்ன?"

அண்ணிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. முட்டிக்குப் போடும் பட்டையை மாட்டி, இழுத்துச் சரிசெய்தார்.

"அதெல்லாம் சும்மா போடுறதுங்க. உங்களுக்குப் போட்டா நெசமால்ல ஆயிடும்." குரல் தாழ்ந்தது. "மருமக, சம்பந்தி எல்லாம் பாக்குற எடத்துல அத எப்படிங்க போடுறது?"

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சொந்தபந்தம் அத்தனையும் பார்க்கும்படி ஒரு இதயம் வேண்டும் என்று அங்கே வரைக்கும் நொண்டிக்கொண்டு நடந்தவருக்கு, அதை நான் ஒருவன் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டதே தாங்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"பாலு, நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்."

இப்போதுதானே குடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் எழுந்து போனேன்.