எக்ஸ்ரே பிலிமில் செய்த ஜன்னல்

வீணாகப் போகிற பொருளில் விமானம் செய்கிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வருகிறது. பதினோரு வருடம் அதே பெருமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அதனால் குமட்டல் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானங்கள். மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் மாடி வீட்டின் பின்னறை முழுக்க அதுதான். மோட்டாரும் ரேடியோவும் பேட்டரியும் மட்டும்தான் கடையில் வாங்குவேன். மற்றதெல்லாம் குப்பை. தேர்தல் முடிந்ததும் கம்பத்தில் தொங்கும் பிளாஸ்டிக் விளம்பர அட்டையை அவிழ்த்து வந்து இறக்கை செய்வேன். டிவி வந்த தெர்மாகோலில் உடல். குடைக் கம்பியில் கால். ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வாலை ஆட்டும். என் மனைவி செருப்பைக் காணோம் என்றால் முதலில் என் விமானங்களுக்கு அடியில்தான் குனிந்து பார்ப்பாள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிங் ரோட்டுக்கு அப்பால், வீடு எழும்பாத ஒரு லேஅவுட்டில் எங்கள் கூட்டம் சேரும். பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் பெட்டியோடு வாங்கின வெளிநாட்டு விமானத்தைக் கொண்டுவருவார்கள். அவர்களைப் பார்த்து நான் உதட்டைச் சுழிப்பேன். காசைக் கொடுத்து வாங்குவதற்கு என்ன கெட்டிக்காரத்தனம் வேண்டும் என்று அவர்கள் காதில் விழும்படியே சொல்வேன். பொறுத்துக்கொண்டார்கள், நல்ல மனிதர்கள்.

இந்தப் பழக்கம் கண்ணைக் கெடுக்கும். வீட்டில் எதைப் பார்த்தாலும் அது ஏற்கெனவே பிரித்துப் போட்டதாகவே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியைப் பார்த்தால் உள்ளே இருக்கும் தண்டு தெரியும். விருந்தாளி குடையை மூலையில் சாய்த்தால் எட்டுக் கம்பி தெரியும். ‘சும்மாதானே கிடக்குது’ என்ற வார்த்தை என் வாயில் எப்போதும் தயாராக இருந்தது. யாருக்குச் சும்மா என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

எக்ஸ்ரே பிலிமுக்கு இந்தத் தொழிலில் தனி மரியாதை உண்டு. விமானத்தின் வாலில் மேலும் கீழும் அசையும் துண்டு ஒன்று இருக்கும். அதை உடலோடு சேர்க்கும் கீலுக்கு எக்ஸ்ரே பிலிமைப்போல் ஒன்று கிடையாது. ஆயிரம் தடவை மடித்தாலும் உடையாது, தண்ணீரில் ஊறாது. இன்னொரு உபயோகமும் இருக்கிறது. பாத்ரூம் கழுவும் ப்ளீச்சில் ஊறப்போட்டுத் தேய்த்தால் அதன் கறுப்பெல்லாம் கழன்றுவிடும். லேசான நீலத்தில் கண்ணாடி மாதிரி மிஞ்சும். அதை வளைத்து விமானி உட்காருகிற இடத்துக்கு ஜன்னலாக ஒட்டலாம்.

எங்கள் வீட்டில் பீரோவின் மேல் ஒரு காக்கிக் கவர் இருந்தது. அதில் மூன்று பிலிம்கள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது எடுத்த என் முட்டி, என் அம்மாவின் இடுப்பு, என் மனைவியின் நெஞ்சு.

மனைவியின் பிலிமுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமாகி நாலாம் வருடம் அவளுக்குக் காசநோய் வந்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் குணமானாள். கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அன்றைய டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னார். இந்தத் தழும்பு ஆயுசுக்கும் இருக்கும், பின்னால் எப்போது எக்ஸ்ரே எடுத்தாலும் இந்தப் பிலிமைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் புதிதாக வந்த கட்டி என்று பயந்துவிடுவார்கள் என்றார். என் மனைவி ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலப் பத்திரத்தை எப்படி வைப்பார்களோ அப்படி அதைப் பத்திரப்படுத்தினாள். டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். என் காதிலும் அது விழுந்தது.

அவள் தம்பி வீட்டு விசேஷத்துக்கு ஹனூர் போயிருந்த ஒரு நாள் கவரை இறக்கினேன். முட்டியையும் இடுப்பையும் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கீல் செய்தேன். ஜன்னலுக்கு அகலமான துண்டு வேண்டும். நெஞ்சுதான் பெரிய பிலிம். பழைய தேதி, பழைய வியாதி, சும்மாதானே கிடக்குது. கீழ்ப்பாதியை நாலு கீற்றாக வெட்டிக் கீலுக்கு எடுத்துக்கொண்டு, மேல்பாதியை வாளியில் போட்டு ப்ளீச்சை ஊற்றினேன். மூக்கை அறுக்கும் வாடை. கறுப்பு வழவழவென்று சளி மாதிரி கழன்றது. பழைய டூத் பிரஷ்ஷால் அவள் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தேன். சாம்பல் நிறத் தண்ணீர் பாத்ரூம் ஓட்டையில் போனது. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்பலாம் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஜன்னலைத் தடவிப் பார்த்தார்கள். “ஏன் குரு, கண்ணாடி எல்லி சிக்தது?” என்று ஒருவர் தமிழும் கன்னடமுமாகக் கேட்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, “என் பெண்டாட்டி நெஞ்சைக் கழுவிச் செஞ்சேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முதுகில் ஒரு தட்டும் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்து மூன்று வாரம் விடவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரலின் மேலே ஒரு நிழல் இருக்கிறது என்றார் டாக்டர். அவர் வயதில் சின்னவர், நிதானமான பெண். பழைய தழும்பாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். பழைய பிலிம் ஏதாவது இருக்கிறதா, ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்.

என் மனைவி முகம் மலர்ந்துவிட்டது. “இருக்குதுங்க டாக்டர். பீரோ மேல பத்திரமா வெச்சிருக்கறனுங்க. நாளைக்கே கொண்டாரனுங்க” என்றாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிலிமை வெட்டினதைச் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் வரும்போதும் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்து அவள் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்து டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரர், அன்றைக்கே சொன்னார் பாருங்க என்றாள். நான் ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். இருமிக்கொண்டே ஏறினாள். ஏறாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். பிலிமை வெட்டினதைக்கூட ஒரு மடத்தனம் என்று தள்ளிவிடலாம். அந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கவருக்குள் தெர்மாகோலைத் தேய்க்கிற என் உப்புத்தாள் இருந்தது. காலியான கவரையும் வீணாக்காமல் உபயோகப்படுத்தியிருந்தேன்.

“ஏனுங்க, பிலிம் எங்கீங்க?”

சொன்னேன். ஸ்டூலின் மேலேயே நின்று கேட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. “அது என்ற நெஞ்சுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, உப்புத்தாளைத் திரும்பக் கவருக்குள் வைத்து இறங்கினாள்.

அன்றைக்கு மதியம் சாப்பிடாமல் பின்னறையில் உட்கார்ந்து எல்லா விமானங்களையும் பிய்த்தேன். அவளும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். பசை போட்ட கீலைப் பிளேடால் கிளப்பி, துடைத்து, ஜன்னல் கம்பியருகே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். இது என் முட்டி. இது அம்மாவின் இடுப்பு. விலா எலும்பு தெரிந்த நாலு கீற்றும் கிடைத்தன. நாலும் நெஞ்சின் கீழ்ப்பாதி. மேல்பாதியைத் தேடவே வேண்டியதில்லை. அது என் எதிரில் விமானத்தின் மூக்குக்குப் பின்னால் பளபளத்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் அதையும் கிளப்பி எடுத்தேன். அவள் கை நீட்டி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரிந்தது.

எக்ஸ்ரே எடுத்த பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த இடத்தில் இப்போது துணிக்கடை. பிறகுதான் ஞாபகம் வந்தது, ஜன்னல் செய்யும் முறையை நான் படிப்படியாகப் போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். என் போனில் அது அழிந்துபோயிருந்தது. யாரிடமாவது இருக்கிறதா, மனைவியின் சிகிச்சைக்கு வேண்டும் என்று கேட்டு எழுதினேன். முதலில் நாலு கும்பிடு வந்தது. பிறகு ஒருவர், “அண்ணா, ஜன்னலுக்கு எக்ஸ்ரேவை விட லேமினேஷன் ஷீட் பெட்டர்” என்று எழுதினார். இன்னொருவர் எந்த ப்ளீச், எத்தனை நிமிஷம் என்று கேட்டார். படித்ததும் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அடிக்க என்ன யோக்கியதை எனக்கு? போன வாரம்வரை அந்தக் கேள்விக்குச் சந்தோஷமாக நிமிஷக் கணக்குச் சொல்லியிருப்பேனே.

கடைசியில் ஒருவர் ஒரு போட்டோ அனுப்பினார். வாளியில் பிலிம், மேலே நுரை, பாதி வெளுத்த விலா எலும்பு. ஓரத்தில் என் கட்டைவிரலும் டூத் பிரஷ்ஷும். அதை டாக்டரிடம் கொண்டுபோனேன். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனை மேஜையின் மேல் வைத்து விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். அசிங்கத்தைத் தள்ளுவதுபோல் இருந்தது. சரியாகத்தான் தள்ளினார்.

சிடி ஸ்கேன் எடுத்தும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முதுகு வழியாக நீள ஊசி போட்டு, அந்த இடத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். ஊசி போட்ட இடத்தில் நுரையீரல் கசிந்து காற்று வெளியேறி, நுரையீரலே சுருங்கிப்போனது. நூறில் சிலருக்கு இப்படி ஆகும் என்று முன்னாலேயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். விலாவில் துளை போட்டுக் குழாய் சொருகினார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்கடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலுக்குள் போனது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் பாட்டிலில் குமிழி வந்தது. இருமினால் கொத்தாக வந்தது. இருமும்போது என் கையைப் பிடிக்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் அந்தக் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தபோது என் கண் அந்தக் குழாயின் மேல் போனது. நல்ல குழாய். தெளிவானது, வளைத்தாலும் நசுங்காதது. இதை வெளியே எடுத்த பிறகு எறியத்தானே போகிறார்கள், விமானத்துக்குள் ஒயர் இழுக்கத் தோதாக இருக்குமே என்று மனசு கணக்குப் போட்டது. என் பெண்டாட்டியின் விலாவுக்குள் சொருகியிருந்த குழாய் அது. எழுந்து வராந்தாவுக்குப் போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். டீயும் பன்னும் அப்படியே வந்தது.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. புற்று இல்லை. பழைய தழும்புதான். அத்தனை வருடமாக அது இருந்த இடத்தில் அப்படியே இருந்திருக்கிறது. இருமலுக்குக் காரணம் சாதாரணச் சளிக்கட்டு. டாக்டர் என் மனைவியின் தோளைத் தட்டி, இனிமேல் பயமில்லை அம்மா என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, பழைய பிலிம் இருந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்று கன்னடத்தில் சொன்னார். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுத ஆசைதான். அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. ஒரு நல்ல சேதியைக்கூட நிம்மதியாக வாங்கிக்கொள்ள முடியாதபடி என்னை நானே ஆக்கி வைத்திருந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பெரிய வெள்ளைக் கவர் ஒன்று கொடுத்தார்கள். புது எக்ஸ்ரே, ஸ்கேன் பிலிம், அறிக்கை எல்லாம் அதில் இருந்தது. நான் வாங்கக் கை நீட்டினேன். அவள் தானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் குலுங்கும்போது ஒரு கையால் விலாவையும் இன்னொரு கையால் கவரையும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

தெருவில் இறங்கியதும் எங்கள் படியேறாமல் எதிர்வீட்டுக்கு நடந்தாள். அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர், கன்னடக்காரர். இவள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கதவைத் திறந்த அக்கா இவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். என் மனைவி கவரை அவர் கையில் கொடுத்து, இது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் அக்கா, வேண்டும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னாள்.

“ஏன்மா, உன் வீட்டில் இடம் இல்லையா?” என்று அவர் சிரித்தார்.

“இடமெல்லாம் இருக்கு அக்கா. இவரும் இருக்காரே.”

அவள் குரலில் குத்தல் இல்லை. மழை பெய்கிறது, துணியை உள்ளே எடுத்துப் போடுங்கள் என்று சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். அக்கா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கவரை உள்ளே கொண்டுபோனார். நான் ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் வீட்டுப் பூட்டைத் திறந்தேன்.