மூன்று வேளைப் பொடி

முஹைதீன் முப்பது ஆண்டுகள் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். மூட்டு தேய்ந்து ஊர் திரும்பினார். பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுதவர், ஊர் நாட்டு வைத்தியர் நெய்னா முகம்மது ஹக்கீமின் பொடியைத் தின்ற பத்தாம் நாள் தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்தார். ஒரே வருடத்தில் முகம் உருண்டு பளபளத்தது. "மாப்பிள்ளைக் களை வந்திருச்சுப்பா" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். மதுரையில் மருந்துக் கம்பெனி லேபில் இருந்த மகள் காலிதாவும் போட்டோவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத் தன்னை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

ரமலான் வந்தது. மூன்று வேளையும் தின்றால்தான் பொடி கேட்கும் என்பது ஹக்கீமின் கட்டளை. "நோன்புக்காக ஒரு மாசம் வலி தாங்க மாட்டேனா" என்று முஹைதீன் டப்பாவை மூடி வைத்தார். நாலாம் நாள் வாந்தி, மயக்கம். நோன்புக் களைப்பு என்றார்கள். ஆறாம் நாள் உயிர் பிரிந்து ஜனாஸா.

மிச்சப் பொடியைக் காலிதா சோதித்தாள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வலியை அடக்கும், முகத்தை ஊதவைக்கும், சுகரை ஏற்றும். மாதக்கணக்கில் தின்றால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். பொடியைச் சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடும்.

பெருநாள் கழிந்து ஹக்கீமின் கடைக்கு வந்தாள். கைப்பையில் போலீசுக்கு எழுதிய புகார் மனு. வாசல் பெஞ்சில் பன்னிரண்டு பேர்; பாதிப் பேருக்கு வாப்பாவின் அதே உருண்டை முகம். இன்று கடைக்குப் பூட்டு விழுந்தால் நாளை இவர்களுக்குப் பொடி கிடைக்காது. மனுவை வெளியே எடுக்கவில்லை. உள்ளே போனாள்.

"மாமா, நொண்டுறீங்களே. உங்க பொடியில ஒரு கரண்டி நீங்களும் வாயில போடுங்க."

"எனக்குச் சுகர் இருக்கும்மா."

"நாட்டு மூலிகை சுகருக்கு என்ன பண்ணும்?"

காலிதா லேப் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தாள்.

"மொத்த வியாபாரிக்கிட்ட வாங்குறதும்மா. அவுங்க கலக்குனா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமத்தான் நீங்க தொடுறதில்லையாக்கும். ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. இதுல ஸ்டீராய்டு இருக்கு, நான்தான் குடுத்தேன்னு சொல்லுங்க. சட்டுனு நிறுத்தாதீங்க, டப்பாவோட இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னும் சொல்லணும்."

"மானம் போயிரும்மா."

"வாப்பாவுக்கு உசுரே போச்சு."

முதலில் வந்தவர் சித்தி ஜுனைதா என்ற மூதாட்டி. ஹக்கீம் முணுமுணுத்தார்.

"சத்தமா, மாமா. அவுகளுக்குக் காது மந்தம்."

ஹக்கீம் வாசல்வரை கேட்கும்படி உரக்கச் சொன்னார். பன்னிரண்டாவது ஆள் போனபோது அவர் தொண்டை கட்டியிருந்தது. தண்ணீர்ச் செம்பை நோக்கிக் கை நீட்டினார். காலிதா செம்பைத் தள்ளி வைத்து, அவர் செல்போனை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு வராதவுக பாக்கி இருக்காக. போன்ல சொல்லி முடிச்சுட்டுக் குடிங்க. போலீசு அதுக்கப்புறம் வரட்டும்."