ஐந்து குடம் கடல்

என் வீட்டுக்காரர் ஏசுவடியான் பதினாறு வருஷம் சங்கு குளித்தவர். கம்ப்ரசர் காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார். ஒருநாள் அடியில் இருக்கும்போதே குழாயில் காற்று நின்றுபோயிற்று. பதறி, நின்று நின்று ஏறாமல் ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டார். அப்படி ஏறினால் ரத்தத்தில் காற்று குமிழிட்டு நரம்பை முடக்கிவிடும். வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது.

அதற்குப் பிறகு கட்டில்தான். நான் இறால் கம்பெனிக்குத் தோலுரிக்கப் போய்விடுவேன். அவர் சுவரைப் பார்த்தபடி கிடப்பார். நான் கேட்டதற்குப் பதில் வந்தாலே பெரிது.

அவர்கூடச் சங்கு குளித்த மரியான் போன வருஷம் வலையில் ஏறிய ஒரு கல்லைக் கொண்டுவந்தார். கல்லில் ஒரு கடற்சாமந்தி ஒட்டியிருந்தது. பார்க்கப் பூ, ஆனால் வாய் உள்ள உயிர். கண்ணாடித் தொட்டி வாங்கி, துறைமுகம் தாண்டிப் போய்க் கடல்தண்ணீர் அள்ளி வந்து, கட்டிலுக்கு நேராக வைத்தார். ஐந்து குடம் பிடிக்கும். அது விரல் விரலாக விரிந்து ஆடியதும் என் வீட்டுக்காரர் ஒருக்களித்துப் படுத்தார்.

"கடலுக்குக் கீழ இருக்க மாதிரியே இருக்குலே" என்றார்.

"பாத்தியளா மைனி, உங்களக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாரு" என்று மரியான் என்னிடம் சொன்னார்.

"இவ வாய மூடமாட்டாலே. அது திங்கதுக்கு மட்டுந்தான் தொறக்கும்."

வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். அதன் பிறகு அதைப் பற்றியே பேச்சு. வற்றுகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல்தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும் என்பார். புதனும் சனியும் நகக்கண் அளவு இறால். விளக்கு எட்டு மணி நேரம். எல்லாம் கட்டிலில் கிடந்தே சொல்வார், நான் செய்வேன்.

ஆடி மாதம் அவருக்குப் படுக்கைப்புண் சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்கேன் எடுக்கக் கழுத்தில் கிடந்ததைக் கழற்றச் சொன்னார்கள். குளிக்கப் போன காலமெல்லாம் அவர் போட்டிருந்த மாதா பதக்கம். செம்பு, ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. என் கையில் கொடுத்துவிட்டு, "பிளாரன்ஸ், பூவப் பாத்துக்கோளா" என்றார்.

மத்தியானம் மரியானை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவருவேன். நாலாம் நாள் கரண்ட் இல்லை. தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் நின்று, பூ குறுகிக் கிடந்தது. அவரை அத்தனை ஆழத்திலும் காத்தவள் மாதா. பதக்கத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்து, தண்ணீருக்குள் பூ இருந்த கல்மேல் சாய்த்து வைத்தேன். "தாயே, நான் ரெண்டு எடத்துல நிக்க முடியாது, இங்கன நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் கரண்ட் வந்தும் பூ விரியவில்லை. அதற்கு அடுத்த நாள் வாயைத் திறந்தபடியே கிடந்தது. நான் இன்னும் பலமாக ஜெபமாலை சொன்னேன். அவர் கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கு" என்றேன். ஒன்பதாம் நாள் நாற்றம் எடுத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் தொட்டியைப் பார்த்தார். பிறகு பதக்கத்தைப் பார்த்தார்.

"யாரு போட்டா?"

"நான்தான். உங்களக் காப்பாத்திச்சேன்னு."

"செம்பு ஆவாதுளா அதுக்கு. ஒருநாள் கிடந்தாலே வெசம். தொட்டி கொடுத்த கடைக்காரர் சொன்னாருன்னு மரியான் எங்கிட்டச் சொன்னான். ஒங்கிட்டச் சொல்லத் தோணல."

"கடலுக்குள்ள ஒண்ணும் ஆவலியே."

"கடல் பெருசுளா. இது அஞ்சு குடம் தண்ணி."

திட்டியிருந்தால் தேவலாம். பதக்கத்தை எடுத்துத் துடைத்து அவரிடம் நீட்டினேன். கழுத்தைத் தூக்கிக் கொடுத்தார், போட்டுவிட்டேன். தொட்டியை மரியான் வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தார்.

அந்த வாரமே மரியான் வந்து கேட்டார். "வேற ஒண்ணு கொண்டாரட்டுமாண்ணே?"

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"வேண்டாம்லே. அது அங்கனயே இருக்கட்டும்."