தவசி சாமியைக் கழுவியவன்

அரியலூர் ரயில் நிலையத்து வாசலில் அப்போது நான்கு வாடகை அம்பாசிடர்கள் நிற்கும். மூன்று வண்டிகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடும். நான்காவது வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டியவன் அழகேசன். கழுத்தில் கேமராவோடு யாராவது ரயிலிலிருந்து இறங்கினால், “அழகேசா, ஒன் ஆளு வந்துட்டாருடா” என்று மற்ற டிரைவர்களே குரல் கொடுப்பார்கள். சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில், எந்தக் காட்டில் எந்தச் சாமி உட்கார்ந்திருக்கிறது என்று அவன் பார்த்து வைத்திருந்தான். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலை யார் வேண்டுமானாலும் காட்டிவிடலாம். வரப்போரமும் முந்திரிக்காட்டிலும் கண்மூடி உட்கார்ந்திருக்கும் புத்தர்களைக் காட்ட அவனை விட்டால் ஆள் கிடையாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு என்ன சொத்து இருந்தது அவனுக்கு?

எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் இரண்டு ஜப்பான் பிட்சுகள் வந்து சேர்ந்தார்கள். இருவருமே வயதானவர்கள். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல மெட்ராஸ்காரர் ஒருவர் கூட வந்திருந்தார். நாகப்பட்டினத்தில் பழைய புத்த விகாரை இருந்த இடத்தைப் பார்க்கப் போய், அங்கே பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று முகம் வாடி வந்திருந்தார்கள்.

“நான் காட்டறேன் சார். நாளைக்குப் பாருங்க” என்றான் அழகேசன்.

அவர்களை ஜெயங்கொண்டத்தில் தங்க வைத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தனியாக வண்டியை எடுத்தான். வண்டிப்பாதை சரியாக இருக்கிறதா என்று பார்த்து வரலாம் என்பது எண்ணம். போன இடம் அவன் தங்கை மலர்கொடி வாழ்க்கைப்பட்ட ஊர். ஊருக்கு வெளியே முந்திரிக்காட்டுக்குள் ஆளுயரப் புத்தர் ஒன்று உண்டு. ஊரார் தவசி சாமி என்பார்கள்.

சிலையைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது. தலையிலிருந்து மடி வரைக்கும் சேறு. கண், மூக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்தக் குடிகாரப் பயல் செய்த வேலையோ என்று வாய்விட்டே திட்டினான். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பெரியவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ரேடியேட்டருக்காக டிக்கியில் வைத்திருந்த இரண்டு டின் தண்ணீரையும் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினான்.

தங்கை வீடு கூப்பிடு தூரம்தான். போகவில்லை. பிறந்த வீட்டு ஆள் வெறுங்கையோடு படியேறினால் மாமியார் இருசம்மாளின் வாய் ஒரு மாசத்துக்கு ஓயாது. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளையில்லை. மலர்கொடிக்கு ஏற்கெனவே கிடைக்கிற ஏச்சு போதாதா? திரும்ப வரும்போது ஏதாவது வாங்கி வரலாம் என்று கிளம்பிவிட்டான். நினைத்தபடியே, ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலு முழம் மல்லிகையும் வாங்கி டிக்கியில் வைத்தான்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைக் காட்டிவிட்டு, பதினோரு மணிவாக்கில் பிட்சுகளோடு முந்திரிக்காட்டுக்குள் நுழைந்தபோது அங்கே ஊரே கூடியிருந்தது. கழுவித் துடைத்த சிலைக்கு எதிரில், சுடுவெயிலில், முடி அவிழ்ந்து நின்றிருந்தவள் மலர்கொடி.

அழகேசன் சாவியைக் கையில் பிடித்தபடி இறங்கினான். ஊர்ப் பெரியவர் பஞ்சநாதன் அவனைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

“மழை இல்லைன்னு ஒம்பது நாளைக்கு முன்னாடி சாமிக்குச் சேறு பூசினோம் தம்பி. எங்க ஊரு வழக்கம். மழைதான் அதைக் கழுவணும். மனுசன் கை கழுவினா வர்ற மழையும் வேற சீமைக்குப் போயிடும். மொதக் கை சேறு வச்சது ஒங்க தங்கச்சி. பகல் காவலும் அதுதான். காலையில வந்து பார்த்தா இப்படிக் கெடக்குது.”

“பாவம் சாமி, மூச்சு முட்டுமேன்னு நேத்துகூடச் சொன்னா! அத்தனை பேரும் கேட்டாங்க” என்று கத்தினாள் இருசம்மாள். “இவளாலதான் என் வூடும் வெளங்கல, ஊரும் வெளங்கல. அவ அண்ணன் வண்டிதான் வந்துருக்குதே, அதுலயே ஏத்தி அனுப்பிடுங்க!”

மலர்கொடியின் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை.

 அழகேசனை ஒருவரும் சந்தேகப்படவில்லை. மெட்ராஸ்காரர் அருகில் வந்து, “என்ன தகராறு? வண்டியத் திருப்புங்க, போயிடலாம்” என்றார். திருப்பியிருக்கலாம். தங்கை பின்சீட்டில் உட்கார்ந்து பிறந்த வீட்டுக்கு வந்திருப்பாள், காலத்துக்கும். மலர்கொடி அவனைப் பார்த்தாள். அழவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“கழுவினது நான்” என்றான்.

 “தங்கச்சியக் காப்பாத்தப் பேசறான்” என்றாள் இருசம்மாள். அழகேசன் டிக்கியைத் திறந்து, காலி டின்களையும் சேறு காய்ந்திருந்த தேங்காய் நாரையும் எடுத்து அவள் காலடியில் போட்டான். 

பஞ்சநாதன் குனிந்து தேங்காய் நாரை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “தெரியாம செஞ்சாலும் செஞ்சதுதான் தம்பி. சாமிக்குத் திரும்பச் சேறு பூசணும். கழுவினவனும் சேத்தப் பூசிக்கிட்டு, மழை வந்து கழுவுற வரைக்கும் சாமி பக்கத்துலயே குந்தணும். மொதக் கை வச்ச பொம்பளதான் பூசணும்.”

அழகேசன் சாவியை மெட்ராஸ்காரர் கையில் கொடுத்தான். “ஓட்டத் தெரியுமில்ல சார்? ஸ்டேஷன்ல வுட்டுடுங்க.” சட்டையைக் கழற்றிவிட்டுத் தவசி சாமிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மூத்த பிட்சு, எடுத்த கேமராவைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

மலர்கொடி சேற்றுக் கூடையோடு வந்தாள். முதலில் சாமிக்குப் பூசினாள். பிறகு அண்ணன் முன்னால் மண்டியிட்டாள். 

“விடியக்காலமே வந்தியா? வூட்டுக்கு வரலியாண்ணே?”

“வெறுங்கையோட எப்படி வர்றது மலரு? ஒன் மாமியா...” என்று இழுத்தான். “பழமும் பூவும் வாங்கியாந்தேன். டிக்கியில இருக்கு.”

“வெறுங்கையோட வந்திருந்தா, ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே” என்று சொல்லிவிட்டு முதல் கைச் சேற்றை அவன் தலையில் வைத்தாள். அப்போதுதான் அவள் அழுதாள். டிக்கியில் இருந்த பழமும் பூவும் வண்டியோடு அரியலூருக்குப் போய்விட்டன.

மழை பதினோராம் நாள் பெய்தது, அதுவும் அரை நாழிகை. அதற்குள் முதலாளி வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார். அழகேசன் மறுபடியும் சுண்ணாம்புக்கல் லாரிக்கே போனான், இந்த முறை டிரைவராக. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போவான். ஒரு பழம், ஒரு முழம் பூ கொண்டு போனதில்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டுதான் போவான். இருசம்மாள் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. சோறு போட்டாள்.